ஹோம் ரூல் வாக்கெடுப்பு: எங்கள் வில்லேஜ் ஹாலின் விளக்கச் சேவைக்கு இரண்டரை நட்சத்திரம்

மிக்ஸிக்கு மதிப்புரை எழுதியிருக்கிறேன். பல் டாக்டருக்கு எழுதியிருக்கிறேன். ஒருமுறை கோபத்தில் வாடகை லாரிக்குக்கூட எழுதியிருக்கிறேன். வில்லேஜ் ஹாலுக்கு, அதாவது எங்கள் ஊர் நிர்வாக அலுவலகத்துக்கு, எழுதுவது இதுதான் முதல் தடவை. இந்தக் குளிர்காலத்தில் அவர்கள் என்னிடம் ஒரு பொருளை விற்கப் பார்த்தார்கள். விலையும் சொல்லாமல், "நல்லா இருக்கும், எடுத்துக்கோங்க" என்றும் சொல்லாமல், இரண்டு மணி நேரம் விற்கப் பார்த்தார்கள். பொருளின் பெயர் ஹோம் ரூல்: மாநிலத்தை எதிர்பார்க்காமல் ஊரே முடிவெடுத்துக்கொள்ளும் அதிகாரம்.

நாங்கள் இருப்பது இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவுக்கு மேற்கே ஒரு புறநகர். சட்டப்படி அது 'வில்லேஜ்'. உடனே கண்மாயும் ஆலமரமும் நினைக்க வேண்டாம். இருபதாயிரத்துச் சொச்சம் பேர், நான்கு வங்கிகள், ஒரு நெடுஞ்சாலைச் சந்திப்பு. ஒரு பிரசிடென்ட், ஆறு டிரஸ்டிகள், சம்பளத்துக்கு ஒரு மேனேஜர். தெரு, தண்ணீர்க் குழாய், போலீஸ் எல்லாம் இவர்கள் பொறுப்பு. பள்ளிக்கூடம் இவர்கள் கையில் இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

வாக்கெடுப்பைப் பற்றி வில்லேஜ் அனுப்பிய முதல் தபால் அட்டை டிசம்பரில் வந்தது. தபால் பெட்டியைத் திறந்தது என் மாமியார். அத்தை பாளையங்கோட்டையில் முப்பது வருடம் சரித்திர டீச்சராக இருந்தவர், ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை இரண்டு பக்கமும் படித்தார்.

"ஹோம் ரூலா? அன்னி பெசன்ட் அம்மா கேட்டதுல்லா அது? 1916-ல மெட்ராஸ்ல லீக் ஆரம்பிச்சாங்க. வெள்ளக்காரன் ஊர்ல வெள்ளக்காரனுக்கே இன்னும் அது கெடைக்கலையாக்கும்?"

சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்தால் கேள்வி அவ்வளவு தப்பில்லை. இங்கே ஊருக்கு என்று இயல்பாக ஓர் அதிகாரமும் கிடையாது. 1868-இல் அயோவாவில் டில்லன் என்ற நீதிபதி எழுதிய தீர்ப்பு ஒன்று உண்டு. ஊர் மன்றம் என்பது மாநிலச் சட்டமன்றம் பெற்ற பிள்ளை, பெற்றவர் எழுத்தில் கொடுத்த அதிகாரம் மட்டும்தான் பிள்ளைக்கு, வேண்டாம் என்றால் பெற்றவரே கலைத்தும் விடலாம் என்று போகும் அது. நாடு முழுக்க அதையே பிடித்துக்கொண்டார்கள். இல்லினாய் 1970-இல் புது அரசியல் சாசனம் எழுதியபோது அதைப் புரட்டிப் போட்டது. 7-ஆம் பிரிவு, 6-ஆம் உட்பிரிவு: மக்கள் தொகை 25,000-ஐத் தாண்டிய ஊர் தானாகவே ஹோம் ரூல் ஊர். மாநிலம் வெளிப்படையாகத் தடுக்காத காரியங்களைத் தன் நிர்வாகத்துக்காக அது செய்துகொள்ளலாம்: ஒழுங்குமுறை, லைசென்ஸ், வரி, கடன். 25,000-ஐத் தாண்டாத ஊர் மக்களிடம் ஓட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இரண்டு ஊர் தள்ளியிருக்கும் நேப்பர்வில்லில் ஒன்றரை லட்சம் பேர், அவர்களுக்கு இருக்கிறது. எங்களுக்கு இல்லை.

"அப்போ சரியா 25,000 பேர் இருந்தா ஓட்டுப் போட்டுக் கேக்கணும். இன்னொரு பிள்ளை பொறந்துட்டா சும்மாவே வந்துரும்?"

ஆமாம் அத்தை, சென்சஸில் அந்தப் பிள்ளையின் பேர் ஏறினால் போதும்.

சரி, விளக்கக் கூட்டத்துக்கு வருகிறேன். ஜனவரியில் ஒரு புதன்கிழமை சாயங்காலம், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே குளிர். அறுபது நாற்காலி போட்டிருந்தார்கள், முப்பது நிரம்பியது. பெரிய ஃபிளாஸ்க்கில் காபி, பக்கத்தில் பிஸ்கட். காபியைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மேனேஜர், நிதி அதிகாரி, வக்கீல் என மூன்று பேர் திரைக்கு முன்னால்.

முதலில் எழுந்தது வக்கீல். "எந்தப் பக்கம் ஓட்டுப் போடச் சொல்லியும் நாங்கள் பேச முடியாது, தகவல் மட்டுமே தருவோம்" என்றார். இது உண்மை. இந்த மாநிலத் தேர்தல் சட்டப்படி பொதுப் பணத்தைச் செலவழித்து ஒரு வாக்கெடுப்பை ஆதரிக்கவும் கூடாது, எதிர்க்கவும் கூடாது. நல்ல சட்டம், என் வரிப்பணத்தில் எனக்கே பிரசாரம் செய்வதை நானும் விரும்பவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தை அன்று போர்வையாக இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். ஜவுளிக்கடையில் சேலையை விரித்துக் காட்டுகிறவர், "இது உங்களுக்கு எடுக்கும்னு நான் சொல்லக் கூடாதுங்க" என்றால் ஒத்துக்கொள்ளலாம். விலை என்ன, சாயம் போகுமா என்று கேட்டாலும் அதையே சொன்னால்?

முப்பத்தெட்டு ஸ்லைடு. எண்ணினேன். முதல் பன்னிரண்டும் சாசன வரலாறு. டில்லனைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரிந்தது அப்படித்தான். அதற்குப் பிறகு, ஹோம் ரூல் வந்தால் என்னென்ன 'முடியும்' என்று ஒரு பட்டியல். விற்பனை வரியைக் கால் சதவீதம் கால் சதவீதமாக மன்றமே ஏற்றலாம். இப்போது ஓட்டல் அறை வரிக்கு 5 சதவீதம்தான் உச்சம், அந்தப் பணத்தையும் பெரும்பாலும் சுற்றுலாவுக்குத்தான் செலவழிக்க வேண்டும். அந்தக் கட்டு அவிழும். கடன் பத்திரத்துக்கு இருக்கும் உச்சவரம்பு போகும். வாடகை வீடுகளுக்கு லைசென்ஸ் கொண்டு வரலாம். எல்லாம் 'லாம்'தான். இதில் எதைச் செய்யப் போகிறீர்கள் என்பதற்கு ஒரு ஸ்லைடுகூட இல்லை.

நான் மூன்று கிளினிக்குகளுக்குச் சம்பளக் கணக்குப் பார்ப்பவள். 'லாம்' என்று எழுதிக் கொடுத்தால் யாருக்கும் செக் எழுத முடியாது.

ஒரு விஷயம் மட்டும் உறுதியாகத் தெரிந்தது. சொத்து வரி உச்சவரம்பு. சிகாகோவைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் 1991 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. ஊர் மன்றமோ பள்ளி நிர்வாகமோ வசூலிக்கும் மொத்தச் சொத்து வரி, புதுக் கட்டடங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், வருடத்துக்கு 5 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வு, இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் ஏறக் கூடாது. ஏற்ற வேண்டுமென்றால் மக்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டும். ஹோம் ரூல் ஊர் மன்றத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. இதற்கு மேனேஜர் ஒரு பதில் வைத்திருந்தார். வாக்கெடுப்பு ஜெயித்தாலும் பழைய உச்சவரம்புக்குள்ளேயே இருப்போம் என்று ஆறு டிரஸ்டிகளும் தீர்மானம் போட்டிருக்கிறார்களாம். ஸ்லைடில் அதைப் பெரிய எழுத்தில் பச்சையில் காட்டினார்கள்.

நான் கை தூக்கினேன். "அந்தத் தீர்மானத்தை அடுத்து வரும் மன்றம் நீக்க முடியுமா?"

மேனேஜர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தீர்மானத்துக்கும் ஆர்டினன்ஸ் என்ற ஊர்ச் சட்டத்துக்கும் உள்ள வித்தியாசம், ஒரு மன்றம் தனக்குப் பின்வரும் மன்றத்தைக் கட்டிப்போட முடியாது என்ற பொதுவான கொள்கை, வெளிப்படையான கூட்டத்தில்தான் எதையும் செய்ய முடியும் என்ற பாதுகாப்பு என்று ஐந்து நிமிடம் பேசினார். எல்லாவற்றையும் வடிகட்டினால் கடைசியில் மிஞ்சியது ஒரே சொல்: முடியும்.

எனக்குப் பின்னால் எங்கள் தெருக்காரர், ஓய்வு பெற்ற தீயணைப்பு வீரர், சத்தமாகவே சிரித்தார். அது நல்ல பதில்தான், அதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம். "முடியும், அதனால்தான் அடுத்த தேர்தலிலும் கவனமாக ஓட்டுப் போடுங்கள்" என்று சொல்லியிருந்தால் நான் இன்னொரு நட்சத்திரம் கொடுத்திருப்பேன்.

இன்னொரு கேள்வியும் கேட்டேன். ஹோம் ரூல் இல்லாமலே 1 சதவீதம் வரை ஊர் விற்பனை வரி போடச் சட்டத்தில் வழி இருக்கிறதே, அதை மட்டும் ஏன் செய்யவில்லை என்று. "மன்றம் பல வழிகளையும் பரிசீலித்தது" என்றார்கள். பரிசீலித்ததில் என்ன கண்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எதிர்த் தரப்பின் சேவையையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பாரபட்சம். பிப்ரவரியில் மூன்று அட்டைகள் வந்தன, ஒவ்வொன்றும் தீப்பிடித்த சிவப்பில். பளபளப்பான காகிதம், அச்சு அருமை. விஷயம்தான் பாதி கோணல். ஒன்றில் மளிகைப் பை, கார், வீடு என மூன்று படம். எல்லாவற்றுக்கும் விலை ஏறுமாம். ஹோம் ரூல் விற்பனை வரி வீட்டில் சமைக்க வாங்கும் மளிகைக்கும் மருந்துக்கும் கிடையாது. பதிவு செய்து ஓட்டும் காருக்கும் கிடையாது. வீடு கைமாறும்போது புதிதாக ஒரு வரி போட வேண்டுமென்றால் ஹோம் ரூல் ஊராக இருந்தாலும் தனியாக இன்னொரு வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும். மூன்று படத்தில் மூன்றும் தப்பு!

இன்னொரு அட்டை, ஒரு வீட்டின் முழுச் சொத்து வரி பில்லையும் போட்டு "இதற்கு இனி உச்சவரம்பு இல்லை" என்றது. என் பில்லை எடுத்து மேஜையில் வைத்துப் பார்த்தேன். மூன்றில் இரண்டு பங்கு பள்ளிகளுக்குப் போகிறது. பூங்கா, நூலகம், மாவட்டம் எல்லாம் போக, வில்லேஜுக்கு வருவது பத்தில் ஒரு பங்குதான். ஊர் ஹோம் ரூல் ஆனாலும் பள்ளி நிர்வாகத்துக்கு உச்சவரம்பு அப்படியே இருக்கும். அவிழ்வது அந்தப் பத்தில் ஒரு பங்கு மட்டும். அதுவும் பணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இதை எனக்கு எடுத்துச் சொன்னது முப்பத்தெட்டு ஸ்லைடு இல்லை, என் சாப்பாட்டு மேஜையும் ஒரு கால்குலேட்டரும்.

இப்போது நல்ல அனுபவம். பிப்ரவரி கடைசியில் தண்ணீர் பில் கட்ட வில்லேஜ் ஹாலுக்குப் போனேன். இணையத்திலேயே கட்டலாம், ஆனால் அதற்கு இரண்டு டாலர் சேர்த்து வாங்குகிறார்கள், அதனால் நடந்தே போய்விடுவேன். அத்தையும் கூட வந்தார். கவுண்டரில் இருந்த பெண்மணிக்கு அறுபது வயது இருக்கும். சும்மா பேச்சுவாக்கில், "இந்த ஹோம் ரூல் எதுக்குத்தான்?" என்று கேட்டேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "நான் கருத்துச் சொல்லக் கூடாது, ஆனால் இதைப் பார்க்கலாம்" என்று கீழ் டிராயரிலிருந்து மடித்து மடித்து ஓரம் கிழிந்த ஒரு வரைபடத்தை எடுத்து விரித்தார்.

ஊர் முழுக்கத் தண்ணீர்க் குழாய். 1950-களில் போட்டது பழுப்பு, அதற்குப் பின் போட்டது நீலம். குழாய் உடைந்த இடமெல்லாம் சிவப்புப் புள்ளி, பேனாவால் கையாலேயே வைத்தது. எங்கள் பக்கம் முழுக்கப் பழுப்பு. எங்கள் தெருவில் நான்கு புள்ளி. நான்காவது எது என்று எனக்கே ஞாபகம் இருந்தது. அன்றைக்கு என் வீட்டுக்காரர் பாதிக் குளியலில் சோப்போடு நின்றார். ஈயக் குழாய் இணைப்புகளைப் படிப்படியாக மாற்றியே தீர வேண்டும் என்ற மாநிலச் சட்டம் வேறு 2022 முதல் நடப்பில் இருக்கிறது. போலீஸ் ஓய்வூதிய நிதியை 2040-க்குள் 90 சதவீதம் நிரப்ப வேண்டும் என்றும் மாநிலம் சொல்லியிருக்கிறது. வேலையைக் கொடுப்பது மாநிலத் தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டு, பணம் தேடுவது ஊர். அந்த அம்மாள் இதை எல்லாம் ஐந்து நிமிடத்தில், எந்தப் பக்கமும் சாயாமல், சட்டத்தையும் மீறாமல் சொல்லி முடித்தார். ரசீதையும் ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தார்.

அத்தை வரைபடத்தை விட்டு நகரவே இல்லை. "இந்தப் படத்தை அங்க போட்டுருந்தா ஆறாம் கிளாஸ் பிள்ளைக்குக்கூட விளங்கியிருக்குமே" என்று தமிழில் சொன்னார். என்ன சொல்கிறார் என்று அந்த அம்மாள் கேட்டார். மொழிபெயர்த்தேன். "நான் கருத்துச் சொல்லக் கூடாது" என்று மறுபடியும் சொல்லிவிட்டு, கண்ணைச் சிமிட்டினார்.

ரிட்டர்ன் பாலிசி பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கூட்டத்தில் யாரும் அதைச் சொல்லவில்லை. பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். ஹோம் ரூலைக் கைவிடுவதற்கும் ஒரு வாக்கெடுப்பு போதும், அதை மக்களே கையெழுத்துத் திரட்டியும் கேட்கலாம். ராக்ஃபோர்டு அப்படித்தான் 1983-இல் திருப்பிக் கொடுத்தது. சிகாகோவைச் சுற்றியுள்ள சின்ன ஊர் இல்லை அது, ஒன்றரை லட்சம் பேர் இருக்கும் நகரம். 2018-இல் மறுபடி வேண்டும் என்று அங்கே கேட்டுப் பார்த்தார்கள், மக்கள் மறுத்துவிட்டார்கள். மாநிலத்தில் ஹோம் ரூல் ஊர்கள் இருநூறுக்கு மேல் இருக்கின்றன, பெரும்பாலானவை வைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. இரண்டையும் சொல்லியிருந்தால் எனக்கு நம்பிக்கை கூடியிருக்கும். திருப்பிக் கொடுக்க முடியும் என்று தெரிந்தால்தானே வாங்கக் கை வரும்?

வாக்களிப்பு. கட்சிகள் தங்கள் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் மார்ச் மாத முதற்கட்டத் தேர்தலோடு சேர்த்து வைத்திருந்தார்கள். முன்கூட்டியே போடலாம் என்று ஒரு சனிக்கிழமை நூலகத்துக்குப் போனோம். குடியுரிமை கிடைத்து இரண்டு வருடம்தான் ஆகிறது, எனக்கு இது மூன்றாவது ஓட்டு. அடையாள அட்டை கேட்கவில்லை, கையெழுத்தைப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்புறம் மேஜையில் இருந்த பையன் கேட்டான்: "எந்தக் கட்சிச் சீட்டு?"

எனக்கு எந்தக் கட்சியும் வேண்டாம். இங்கே முதற்கட்டத் தேர்தலில் எந்தக் கட்சிச் சீட்டு வாங்கினோம் என்பது பதிவாகும், யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். ஊர்க் குழாய்க்கு ஓட்டுப் போட வந்தவள் அதை ஏன் சொல்ல வேண்டும்? கேள்விகள் மட்டும் உள்ள சீட்டு என்று ஒன்று உண்டு, அதைக் கேட்டேன். பையனுக்குத் தெரியவில்லை. "ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்" என்றான். எனக்குப் பின்னால் இருந்தவர் ஏற்கெனவே ஒரு கட்சிச் சீட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார். நான் நகரவில்லை. பக்கத்து மேஜையிலிருந்து மூத்த அலுவலர் எழுந்து வந்து, மன்னிப்புக் கேட்டு, சரியான சீட்டை எடுத்துக் கொடுத்தார். பையனுக்கும் பொறுமையாக விளக்கினார். அவரால்தான் அந்த இடத்துக்கு நான்கு நட்சத்திரம். ஆனால் இப்படி ஒரு சீட்டு இருக்கிறது என்பதை வில்லேஜின் அட்டைகள் எதிலும் அச்சடிக்கவில்லை. அது தகவல்தானே, பிரசாரம் இல்லையே! கட்சி சொல்லத் தயங்கி வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு.

சீட்டு கிட்டத்தட்ட வெள்ளைத் தாள். நடுவில் ஒரே ஒரு கேள்வி, இந்த ஊர் ஹோம் ரூல் ஊராக ஆகலாமா என்று. ஆம், இல்லை, இரண்டு முட்டை வட்டம். அவ்வளவு பெரிய தாளில் அவ்வளவு சின்னக் கேள்வியைப் பார்த்தபோது ஸ்லைடுகள் எல்லாம் மறந்து பச்சை எழுத்துத் தீர்மானம் மட்டும் ஞாபகம் வந்தது. 'இல்லை' என்பதை நிரப்பினேன். வரைபடம் கண்ணுக்குள் நின்றது, அப்படியும் நிரப்பினேன். அந்த 1 சதவீதத்தை மட்டும் தனியாகப் போட்டிருந்தால் யோசிக்காமல் ஒத்துக்கொண்டிருப்பேன். எங்கள் கணக்குக்கு அது மாதம் பத்து டாலர்கூட வராது, நெடுஞ்சாலையில் வந்து போகிறவர்களும் சேர்ந்து கட்டுவார்கள். இவர் 'ஆம்' போட்டார். காரில் திரும்பும்போது, "அப்போ நம்ம ரெண்டு பேரும் வராம இருந்தாலும் ஒண்ணுதான்" என்றார். அத்தை பின் சீட்டிலிருந்து, "விரல்ல மை எங்கடா?" என்றார். மை இல்லை, ஸ்டிக்கர்தான் என்று இவர் தன்னுடையதை உரித்துக் கொடுத்தார். அதைத் தன் பிரஷர் மாத்திரை டப்பாவில் ஒட்டி வைத்திருக்கிறார்.

பின்சேர்க்கை: வாக்கெடுப்பு தோற்றது, பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு வாரம் கழித்துத் தண்ணீர் பில் கட்டப் போனேன். அந்தப் பழைய வரைபடத்தை லேமினேட் செய்து கவுண்டர் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். எங்கள் தெருவில் ஐந்தாவது புள்ளி வந்திருக்கிறது.